கூட்டுக்குள் நாம், வெளியே குருவி

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாடு முடிந்ததும் பேசுவதற்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்புக்கு ஆறாவது பீரியட் எடுத்துப் பழகியவன் என்பதால் தூங்குகிறவர்களைக் கண்டு நான் கலங்க மாட்டேன். படங்கள் நிறைய இருக்கின்றன, பேச்சு பிடிக்காவிட்டால் படத்தைப் பாருங்கள்.

திரையில் இருப்பது ஒரு கொண்டைக்குருவிக் கூடு. செம்பருத்திச் செடியில் நெஞ்சு உயரத்தில் கட்டியது. மூன்று குஞ்சுகள், மூன்றும் வாயைப் பிளந்திருக்கின்றன. விளிம்பில் பெரியது ஒன்று பச்சைப் புழுவோடு நிற்கிறது. தாய் என்றுதான் அன்று எழுதினேன். கொண்டைக்குருவியில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி, இரண்டுமே இரை ஊட்டும். ஆகவே அது தகப்பனாகவும் இருக்கலாம்.

கைதட்டுகிறீர்கள், நன்றி. 2018 மார்ச்சில் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டபோதும் இப்படித்தான் கைதட்டல் குவிந்தது. ஒருவர் இதைப் பெரிதாக அச்சிட்டு ஆய்வகத்தில் மாட்டலாம் என்றார். இந்தப் படம் எப்படி வந்தது என்பதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

என் வீடு திருமுல்லைவாயலில். கேமரா வாங்கிய புதிது. பழைய கேனான், 55-250 லென்ஸ், இரண்டும் செகண்ட் ஹேண்ட். கூட்டின் முன்னால் இரண்டு கிளைகள் இலையோடு மறைத்துக்கொண்டிருந்தன. படத்தில் இலைதான் தெரிந்தது, குஞ்சு தெரியவில்லை. ஒரு கிளையைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். இன்னொன்றை வெட்டினேன். சின்னக் கிளைதான், சுண்டுவிரல் கனம். வெளிச்சம் நன்றாக விழுந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அரைமணிக்கு ஒருமுறை போய் நின்றேன். பெரிய பறவைகள் கத்திக்கொண்டே சுற்றின. அதையும் நல்ல காட்சி என்றே நினைத்தேன்.

திங்கள் காலை கூடு காலி. கயிறு கட்டியபடியே இருந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் காகம் ஒன்று இரண்டு நாளாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் மனதில் ஏறவில்லை. நான் எங்கே அடிக்கடி போகிறேன் என்பதை அது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இலையை எடுத்துவிட்டு, இங்கேதான் இருக்கிறது என்று நானே விரல் நீட்டிக் காட்டியிருக்கிறேன். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. “அப்பா, குஞ்செல்லாம் பறந்து போயிடுச்சா?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றேன். இறக்கையில் சிறகு முளைக்காத குஞ்சுகள்.

அதற்குப் பிறகு நான்கைந்து மாதம் கேமராவைத் தொடவில்லை. மறுபடியும் தொட வைத்தது எங்கள் அம்மா. அவர்கள் தினமும் சாப்பிடுவதற்கு முன் மதில்மேல் ஒரு பிடி சோறு வைப்பார்கள். உங்கள் வீடுகளிலும் வைப்பார்கள். அமாவாசை அன்று மட்டும் வைக்கிற வீடும் உண்டு, தினம் வைக்கிற வீடும் உண்டு. “கா கா” என்று கூப்பிட்டு, சோற்றை வைத்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவார்கள். சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று நான் ஒருநாள் பார்த்தேன். காகம், மைனா, அணில், கடைசியில் ஒரு புள்ளிப்புறா. எதுவும் பதறவில்லை, நான் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. நான்கடித் தூரம்தான்.

இரண்டு நாள் செடிக்குள் தலையை விட்டு நான் தேடியது அம்மாவின் மதில்மேல் தானாகவே வந்துகொண்டிருந்தது. பறவையைத் தேடிப் போகாமல், அது வரும் இடத்தில் முன்பே மறைந்து உட்கார்ந்திருப்பது. இதற்குத்தான் மறைப்பு கட்டுவது என்று பெயர்.

இது நம் கண்டுபிடிப்பும் இல்லை, புதியதும் இல்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். பறவைக் கூடுகளைப் பற்றி இவர்கள் 1895இல் கொண்டுவந்த நூலில் எல்லாப் படங்களும் நேரில் எடுத்த ஒளிப்படங்கள். அந்தக் காலக் கேமராவுக்கு இன்றைய நீள லென்ஸ் கிடையாது, பக்கத்தில் போயே ஆகவேண்டும். எருதின் தோலை எடுத்து, உள்ளே சட்டம் கொடுத்து, உயிருள்ள மாடுபோல மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் புகுந்துகொண்டு படம் எடுத்தார்கள். நம் ஊரில் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். பல பாகங்களைத் தேடிச் சேர்த்துத் தன் கேமராவைத் தானே உருவாக்கிக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். பெரிய கருவி வாங்க வழியில்லை என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இவர்கள் கதை பயன்படும்.

எங்கள் பள்ளி ஆவடி-பூந்தமல்லி சாலையை ஒட்டி இருக்கிறது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று வளர்ந்த பகுதி இது. பறவை என்றால் பருத்திப்பட்டு ஏரிக்கோ செம்பரம்பாக்கத்துக்கோ போகவேண்டும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஏரிப் பறவையைப் படம் எடுக்கப் பெரிய லென்ஸ் வேண்டும், வேன் வேண்டும், அனுமதிக் கடிதம் வேண்டும். எங்கள் வளாகத்தில் இரண்டு வேம்பு, ஒரு புங்கை, ஒரு முருங்கை, குழாயடியில் தேங்கும் தண்ணீர், இவ்வளவுதான். அதோடு சத்துணவு மிச்சம். யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு பள்ளியிலும் மதியம் ஒன்றே காலுக்குப் பறவைகளுக்குப் பந்தி நடக்கிறது. கைகழுவும் இடத்தில் மைனாக்கள் வரிசையாக நின்று மணியடிக்கக் காத்திருக்கும். நாம் மணியடித்ததும் வகுப்புக்குப் போய்விடுவதால் பார்ப்பதில்லை.

மறைப்பை எப்படிக் கட்டினோம் என்பதைச் சொல்கிறேன், கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நான்கு சவுக்குக் கட்டை, ஐந்தடி உயரம். நான்கையும் கயிற்றால் இணைத்து, மூன்று பக்கமும் மேலேயும் தென்னங்கீற்று. கீற்றுக்கு உள்பக்கம் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டினோம். வாசல் பக்கம் பழைய கறுப்புப் போர்வை. செலவு 350 ரூபாய், அதில் பாதி கீற்றுக்கு. உட்கார ஒரு முக்காலி. உட்கார்ந்தால் கண் மட்டம் எங்கே வருகிறதோ அங்கே ஒரு சாண் உயரத்துக்குத் திறப்பு. அதில் கறுப்பு வலைத்துணி. லென்ஸ் மட்டும் அதன் நடுவில் வெளியே எட்டிப்பார்க்கும். பிள்ளைகள் இதற்கு ஒளிஞ்சான் கூடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

உள்ளே ஒளிந்திருப்பவர் தெரியாமல் போவதற்குக் காரணம் கீற்றோ வலையோ மட்டும் இல்லை. வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. பகலில் தெருவில் நின்று இருட்டறை ஜன்னலைப் பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது அல்லவா, அதுதான். ஆகவே முதுகுப் பக்கம் ஓட்டை இருக்கக்கூடாது. இருந்தால் நம் நிழலுருவம் அசைவது பறவைக்குத் தெரிந்துவிடும். எங்கள் அட்டையில் பின்பக்கம் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்கப்போனபோது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கத்தினான். உள்ளே எதிர்ப்பக்க அட்டையில் பள்ளிக் கட்டடம் தலைகீழாக விழுந்திருந்தது, மங்கலாக, கொடிக்கம்பம் தொங்குகிற மாதிரி. ஒளி பாடத்தில் ஊசித்துளைக் கேமராவைப் படம் வரைந்து நடத்துகிறோம். அன்று இருபது பேரும் ஒருவர்பின் ஒருவராகக் கேமராவுக்குள்ளேயே போய் உட்கார்ந்து பார்த்தார்கள். கேமரா என்ற சொல்லுக்கே லத்தீனில் அறை என்றுதான் பொருள். வெள்ளைத்தாள் ஒட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். பறவை வராத நாளில் இது கைகொடுக்கும்.

தூரம் எவ்வளவு வைப்பது என்பதைக் கணக்கு ஆசிரியரிடம் விட்டேன். என் கேமராவின் உணரி 22 மில்லிமீட்டர் அகலம், லென்ஸ் 250 மில்லிமீட்டர். வடிவொத்த முக்கோணம் போட்டால், 3 மீட்டர் தூரத்தில் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 26 சென்டிமீட்டர். கொண்டைக்குருவி 20 சென்டிமீட்டர், படத்தை நிறைத்துவிடும். அதே குருவி 12 மீட்டர் தள்ளி இருந்தால் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், குருவி ஒரு மூலையில் புள்ளிபோலக் கிடக்கும். லட்ச ரூபாய் லென்ஸ் செய்கிற வேலையை 350 ரூபாய் கீற்று செய்கிறது என்று கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

கேமராவே இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. பழைய செல்போனைக் கிண்ணத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு செங்கல்மேல் வைத்து, இலை போட்டு மறைத்து, வீடியோவை ஓடவிட்டுவிடுங்கள். செல்ஃபி குச்சியோடு வருகிற புளூடூத் பொத்தான் இருந்தால் கூட்டுக்குள் இருந்தபடியே படமும் எடுக்கலாம்.

கட்டிய அன்றே உள்ளே போய் உட்காராதீர்கள். ஒரு வாரம் வெறுமனே நிற்கட்டும், முதலில் கிண்ணத்திலிருந்து பத்தடி தள்ளிக்கூட வைத்துவிட்டு நாளுக்கு ஓரடி நகர்த்தலாம். உள்ளே போகும்போது இரண்டு பேர் போய் ஒருவர் மட்டும் வெளியே வந்து நடந்து போய்விடவேண்டும். ஆள் போய்விட்டார் என்று பறவை நம்பிவிடும். மைனாவிடமும் தவிட்டுக்குருவியிடமும் இது பலித்தது. காகத்திடம் பலிக்கவில்லை. எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியே என்று அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரிகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முகமூடி போட்டுச் சோதித்துக் காகங்கள் மனித முகத்தை நினைவில் வைக்கும் என்று கண்டிருக்கிறார்கள். எங்கள் காகங்களுக்கு என் முகம் மட்டும் இல்லை, என் ஸ்கூட்டர் சத்தமும் தெரியும்.

என்ன உணவு? வாழைப்பழம், பப்பாளி, உடைத்த அரிசி, கம்பு, தினை. எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். மண் தட்டு, ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி ஊற்றவேண்டும். இதை விட்டுவிட்டால் பறவைக்கு நோய், நமக்குக் கொசு. சுகாதாரப் பணியாளர் வந்து பார்த்தால் கேள்வி கேட்பார், கேட்பதும் நியாயம்தான். பிஸ்கட், சிப்ஸ், உப்பு போட்ட எதுவும் கூடாது. ஆரம்பத்தில் பிள்ளைகள் அன்பாக மிக்சர் கொண்டுவந்து போட்டார்கள். அதைத் தடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

நாள்தோறும் காலை எட்டே முக்காலிலிருந்து இறைவணக்க மணி வரைக்கும் இரண்டு பேர். டிசம்பரிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான். அதற்குமேல் உள்ளே வெந்துவிடும். ஒருவர் கேமரா, ஒருவர் நோட்டு. நோட்டில் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, என்ன செய்தது என்று எழுதவேண்டும் என்பது மட்டும் விதி.

இனி, அவர்கள் பார்த்ததில் எனக்குத் தெரியாமல் இருந்தவற்றைச் சொல்கிறேன்.

குயில் கறுப்பு என்று பல வருடம் வகுப்பில் சொன்னவன் நான். பப்பாளித் துண்டு வைத்த இரண்டாம் வாரம் ஒரு பறவை வந்தது. பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், சிவப்புக் கண். பிள்ளைகள் அதற்குப் புள்ளிக்குருவி என்று எழுதினார்கள். நான் படத்தைப் பார்த்துவிட்டு ஏதோ வேறு ஊர்ப் பறவை என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் கழித்து ஒரே சட்டத்தில் கறுப்பும் புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு படத்தையும் பெரிதாக்கிக் காட்டி, “சார், கண்ணும் மூக்கும் ஒரே மாதிரி இருக்கு. இது அதோட ஜோடி சார்” என்றாள். புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னது சரி, புள்ளி போட்டது பெண் குயில். அதோடு நிற்கவில்லை. மார்ச் பிறந்து குயில் கூவ ஆரம்பித்ததும் கூவுவது யார் என்று கவனித்தார்கள். கறுப்புதான் “கூ… ஊ” என்று உயர்த்திக்கொண்டே போனது. புள்ளி போட்டது “கிக் கிக் கிக்” என்று வேகமாகக் கத்திவிட்டுப் பறந்தது. நன்றாகப் பாடுகிற பெண்ணைக் குயில் என்று சொல்கிறோமே, பாடுவது ஆண் குயில் ஆயிற்றே என்று வகுப்பில் பெரிய சண்டை. தமிழாசிரியரும் வந்து கலந்துகொண்டார். முடிவு எட்டப்படவில்லை.

அடுத்தது தவிட்டுக்குருவி. சாம்பல் நிறம், மஞ்சள் அலகு, ஏழெட்டாகத் தத்தித் தத்தி வரும், ஓயாமல் சலசலக்கும். நோட்டு எழுதியவள் ஏழாம் வகுப்பு மாணவி. வகுப்பில் அவளை நான் முதல் பெஞ்சிலேயே வைத்திருந்தேன், பேச்சு அடங்காது. கூட்டுக்குள் போனால் அவளால் இரண்டு நிமிடம்கூட இருக்க முடியாது என்று நினைத்து அவள் முறையை இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். மூன்றாம் தடவை அவளே வந்து நின்றாள். வெளியே வந்ததும் கேட்டாள்: “சார், எல்லாம் தின்னும்போது ஒண்ணு மட்டும் முருங்கை மேல உக்காந்துனு சாப்பிடவே இல்ல. அதுக்கு உடம்பு சரியில்லையா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். நீயே பார் என்றேன். நான்கு நாள் பார்த்தாள். மேலே இருப்பது எப்போதும் ஒரே குருவி இல்லை, மாறி மாறி உட்காருகிறது, ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து நேரத்தோடு எழுதிக்கொண்டுவந்தாள். பிறகுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். சிலம்பன் இனக் குருவிகளில் கூட்டத்துக்கு ஒன்று காவல் இருக்கும், அது ஆபத்தைக் கண்டால் குரல் கொடுக்கும். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் அவள் புத்தகத்தைப் பார்க்காமல் அங்கே போய்ச் சேர்ந்தாள்.

இவ்வளவும் நல்ல கதை. அடுத்தது அப்படியல்ல.

படத்தின் பின்னணியில் சுவர், கீற்று, பக்கெட் எல்லாம் தெரிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகைகளில் வருகிற மாதிரி பின்னால் எதுவுமில்லாமல் பச்சையாகக் கரைந்திருக்கவேண்டும் என்று ஆசை. அதற்குக் கிண்ணத்துக்கும் பின்னால் இருப்பதற்கும் இடைவெளி வேண்டும். ஜனவரியில் கிண்ணத்தைப் புதரோரத்திலிருந்து எடுத்துத் திடல் நடுவில் வைத்தேன். படங்கள் மிக அழகாக வந்தன. இதோ, திரையில் பாருங்கள். அந்த வாரம் எடுத்ததுதான்.

ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் காலையில் கூட்டுக்குள் அந்த ஏழாம் வகுப்பு மாணவியும் இன்னொருத்தியும். நான் வராந்தாவில். முருங்கையிலிருந்து காவல்குருவி கத்தியது, எனக்கே கேட்டது. எல்லாம் புதரைப் பார்த்துப் பறந்தன. முன்பு புதர் இரண்டு தத்தல் தூரம். இப்போது பதினைந்து மீட்டர். கடைசியாகக் கிளம்பிய ஒன்றைப் பாதி வழியில் வைரி அடித்தது. வல்லூறு என்றும் சொல்வார்கள், புறா அளவே இருக்கும் வேட்டைப் பறவை. நம் பகுதிகளில் தெருவுக்குத் தெரு உண்டு, நாம் பார்ப்பதில்லை. அது குருவியைக் காலில் பிடித்துக்கொண்டு மதிலைத் தாண்டிப் போய்விட்டது. மொத்தம் மூன்று வினாடி இருக்கும்.

வைரியின்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கும் குஞ்சு உண்டு, பசி உண்டு, இதைப் பிள்ளைகளிடமும் சொன்னேன். உணவுச் சங்கிலி என்று கரும்பலகையில் எழுதி அதை முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் விடவில்லை. “காவல்காரன் சரியாத்தான் சார் கத்துச்சு. கிண்ணத்த ஏன் சார் அவ்ளோ தூரத்துல வெச்சோம்?” என்றாள். வெச்சீங்க என்று சொல்லவில்லை, வெச்சோம் என்றாள். நான் 2018இல் வெட்டிய செம்பருத்திக் கிளை ஞாபகம் வந்தது. படம் அழகாக வரவேண்டும் என்று இரண்டாம் தடவையும் பறவையின் மறைவைத்தான் எடுத்திருக்கிறேன்.

அன்று மதியம் வகுப்பில் முதல் படத்தின் கதையைச் சொன்னேன், கயிறு உட்பட. பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். ஒருவன் மட்டும், “அப்ப அந்தப் போட்டோவ அழிச்சிட்டீங்களா சார்?” என்று கேட்டான். அழிக்கவில்லை. இப்படிக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

கிண்ணத்தை எங்கே வைப்பது என்பதை அதன்பின் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். புதருக்குப் பக்கத்தில் வைத்தால் வைரியிடமிருந்து தப்பும், ஆனால் புதரில் பூனை பதுங்கும். தூரத்தில் வைத்தால் பூனை தெரியும், வைரி அடிக்கும். இரண்டு நாள் விவாதம். கடைசியில் புதரிலிருந்து இரண்டு மீட்டர், தரையில் இல்லாமல் ஐந்தடிக் கம்பத்தின்மேல், கம்பத்தடியில் கருவேல முள். கூட்டின் கண்மட்டத்தைவிடக் கிண்ணம் உயரமாகிவிட்டது, படத்தில் பறவையின் வயிறுதான் அதிகம் தெரிகிறது. கூட்டுக்குள் முக்காலிக்குப் பதில் இரண்டு செங்கல் அடுக்கி அதன்மேல் முக்காலி வைத்துக்கொள்கிறோம். பின்னணியில் புங்கை இலை நிறையத் தெரிகிறது. அப்படியே இருக்கட்டும். கிண்ணத்துக்கு ஓரடி தள்ளி ஒரு காய்ந்த முருங்கைக் குச்சியைக் கட்டினோம். பறவை நேரே கிண்ணத்தில் இறங்காது, முதலில் குச்சியில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கும். கிண்ணம் தெரியாமல் படம் எடுக்க அதுவே போதும்.

கூடு இருக்கும் செடிப்பக்கம் கேமராவோடு போவதில்லை என்பது இப்போது எங்கள் பள்ளியில் எழுதாத சட்டம். தேன்சிட்டு ஒன்று வராந்தாவில் மின்சார வயரிலேயே தொங்கும் கூடு கட்டியது. இருபது நாளுக்குமேல் அந்தப் பக்கம் யாரும் செல்போனைத் தூக்கவில்லை. ஒரு விருந்தினர் எடுக்கப்போனபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் குறுக்கே நின்றுவிட்டார்கள். எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது.

பெற்றோர் பக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். “படிக்க அனுப்பினா காக்கா பாக்க வெக்கிறீங்களா சார்?” என்று ஒரு தகப்பனார் நேரே வந்து கேட்டார். தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தார். அவர் கேட்டதில் தப்பில்லை, நமக்கும் அரையாண்டுத் தேர்வும் அடைவுத்தேர்வும் இருக்கின்றன. நான் விளக்கம் எதுவும் சொல்லாமல் மகளின் நோட்டைக் கொடுத்தேன். தேதி, நேரம், பறவை, என்ன செய்தது. பிழை இருந்தது, ஆனால் மூன்று மாதத்தில் நாற்பது பக்கம், யாரும் சொல்லி எழுதவைக்காதது. நின்றபடியே படித்தார். பிறகு தங்கள் மாடியில் தவிட்டுக்குருவி வருவதில்லை, கிளி வரும் என்றார். ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர் என்பவர் மாடியில் பலகை போட்டு ஊறவைத்த அரிசியைப் பரப்பி ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு உணவு வைத்ததை அவரும் செய்தியில் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சில் பத்து நிமிடம் போயிற்று. சமாதானம் ஆகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். மகளை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

என்ன பயன், மதிப்பெண் கூடியதா என்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு நண்பர் கேட்டார். அளந்து பார்க்கவில்லை. கூடியதாகச் சொன்னால் பொய்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். இரண்டு விஷயம் மட்டும். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழ்நாடு முழுதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்டதை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். பொங்கலுக்கு மறுநாள் காக்காப்பிடி, கணுப்பிடி வைக்கிற வீடுகளில் அந்தப் பதினைந்து நிமிடம் மாடியிலேயே கிடைத்துவிடும். பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கிற கணக்கெடுப்பு ஒன்றும் உண்டு. அது அமெரிக்காவில் 1998இல் தொடங்கியது, அதன் பெயரிலேயே கொல்லைப்புறம் என்ற சொல் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் சென்ற தடவை பதினேழு வகை எழுதினார்கள். அதில் ஒன்று வைரி.

இரண்டாவது ஒரு வேண்டுகோள். அக்டோபரில் வட இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி இறங்கும். களைத்துப்போய்ப் பள்ளி வளாகங்களில், வராந்தாவில்கூட உட்கார்ந்திருக்கும். பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். யார் பள்ளியிலாவது கண்டால் பிடிக்க வேண்டாம், சூழ்ந்து நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம், காகத்தை மட்டும் விரட்டிவிட்டு மறைவாகத் தண்ணீர் வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். எங்கள் ஒளிஞ்சான் கூட்டின் அட்டை போன மழையில் நனைந்து கூழாகிவிட்டது. வரும் மழைக்கு முன் புதிதாக ஒட்டவேண்டும். உங்கள் வீட்டில் யாராவது பிரிட்ஜ் வாங்கினால் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் சொல்லுங்கள், நானே ஸ்கூட்டரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.